அம்மாவின் புடவைகளில் ஒரு கோதடி: மும்பையில் முதல்முறை தைப்பவர்களுக்கு

அம்மாவோ பாட்டியோ போன பிறகு, அவர்களுடைய புடவைகளை என்ன செய்வது என்று தெரியாமல் பீரோ முன்னால் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, ஊரில் காரியங்களை முடித்துவிட்டு, நாலைந்து புடவைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ரயிலேறி மும்பை திரும்பியவர்களுக்கு. இங்கே வீடு சின்னது. நம் துணிக்கே அலமாரியில் இடமில்லை. தூக்கிப் போடவும் மனம் வராது, கட்டிக்கொள்ளவும் முடியாது.

இந்த ஊரில் அதற்கு நல்ல வழி ஒன்று பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. மராட்டியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தைக்கும் கோதடி. பழைய நூல் புடவைகளை அடுக்கி, மேலே துண்டுத் துணிகளைப் பதித்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கையால் நெருக்கமாக ஓடு தையல் (ஊசியை மேலும் கீழுமாகக் குத்தி நேர்வரியாக ஓட்டுவது) போட்டுச் செய்கிற போர்வை அது. வங்காளத்தில் காந்தா, வடகர்நாடகத்தில் கௌதி என்று இதற்கு உறவுகள் உண்டு. நம் வீடுகளிலும் பிறந்த குழந்தையைக் கிடத்துவதும் தூளி கட்டுவதும் பழைய நூல் புடவையில்தான். அதனால் இது நமக்கு அந்நியமான வேலை இல்லை.

ஒருவர் போன பிறகு அவருடைய வாழ்க்கையிலிருந்து எதையாவது கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால் அழுகைதான் வரும். கை ஒரு வேலையில் இருந்து, பக்கத்தில் இன்னொருவரும் இருந்தால், “இந்தப் புடவை எப்போ எடுத்தது?” என்ற சாதாரணக் கேள்வியிலிருந்து அந்தப் பாடம் தானாக வெளியே வரும். வந்த கையோடு எழுதி வைத்துவிட வேண்டும். இதை நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் கீழே தையலும், படிப்பதும், குடும்பத்தோடு பேசுவதும் கலந்தே வரும்.

முதலில், எதையும் அவசரமாகக் கொடுக்காதீர்கள்

பதிமூன்றாம் நாளோ பதினாறாம் நாளோ முடிந்ததும் வீட்டைச் சுத்தம் செய்யும் வேகம் ஒன்று வரும். உறவினர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள்: “வச்சுக்கிட்டுப் பார்த்துப் பார்த்து அழாதே, கொடுத்துடு.” பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற அம்மாக்கள் மும்பையிலும் கட்டடம் கட்டடமாக வருவார்கள். ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குப் பத்துப் புடவை போய்விடும். தலைத்திவசம் வரை பொறுங்கள். ஒரு வருஷம் கழித்துக் கொடுத்தாலும் வாங்க ஆள் இருப்பார்கள்.

இறந்தவர் உடுத்தியதை வீட்டில் வைக்கக் கூடாது என்கிற வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. அதை எதிர்த்துச் சண்டை போட வேண்டாம். வீட்டுப் பெரியவரிடம், “சித்தப்பா, ஒரே ஒரு புடவை, துவைச்சு எடுத்துக்கறேன், குழந்தைக்கு விரிப்பு தைக்கணும்” என்று கேளுங்கள். குழந்தைக்கு என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

பங்கு போடுவது

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். மற்ற எந்தப் படியையும்விட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

பட்டுப் புடவைகளை முதலில் தனியே எடுத்து வையுங்கள். ஜரிகைக்கு விலை உண்டு, கூறைப்புடவைக்கு விலைக்கு மேல் ஒரு மதிப்பு உண்டு. அந்தப் பேச்சை நூல் புடவைப் பேச்சோடு கலந்தால் இரண்டும் கெட்டுப்போகும். பட்டு விஷயம் முடிந்த பிறகு, வேறொரு நாள், நூல் புடவைகளை ஒரே பாயில் பரப்புங்கள். உடன்பிறந்தவர் வேறு ஊரில் இருந்தால் வீடியோ காலில் காட்டுங்கள். மருமகள்களையும் உட்கார வையுங்கள். அவர்களும் அந்தப் புடவைகளைத் துவைத்திருக்கிறார்கள், மடித்திருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் யாரோ, அவர் முதலில் எடுக்கட்டும். வயதுப்படி எடுப்பதைவிட இதுதான் நியாயம் என்பது என் எண்ணம்.

ஒவ்வொருவரும் கை நீட்டும்போது காரணத்தையும் சொல்ல வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் தளர்த்தாதீர்கள்.

“அந்தப் பச்சை சுங்குடி எனக்கு வேணும்க்கா.”

“அது உனக்கு எதுக்குடி? என் பிரசவத்துக்கு அம்மா அதைக் கட்டிக்கிட்டுத்தான் வந்தா. மூணு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சுல அதோடயே இருந்தா.”

இப்படி ஒரு பேச்சு வரும். தங்கைக்கு அது அதுவரை தெரிந்திருக்காது. சில சமயம் பேச்சு சண்டையாகவும் திரும்பும். புடவைக்காக வருகிற சண்டைக்குள் பழைய கணக்கு ஒன்று ஒளிந்திருக்கும்: யாருக்கு எவ்வளவு செய்தார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்பது. அதை அன்றைக்கே தீர்த்துவிட முயல வேண்டாம். யார் எந்தப் புடவையைக் கேட்டார், என்ன காரணம் சொன்னார் என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இருவர் ஒரே புடவையைக் கேட்டால் அதைத் துண்டாக்கி இருவர் கோதடியிலும் வைக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் குரல் அங்கேயே இறங்கிவிடும்.

எது தாங்கும், எது தாங்காது

சுங்குடி, கண்டாங்கி, வாயில், சாதாரணக் கைத்தறி எல்லாம் நல்லவை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இரண்டு கையாலும் லேசாக இழுத்தால் இழை விலகிக் கிழியத் தொடங்கினால் அதை அடித்துணியாகப் போட வேண்டாம், மேலே பதிக்கும் துண்டாக வைக்கலாம். பூனம், ஜார்ஜெட், டெரிகாட் ஊசிக்கு வழுக்கும், வியர்வையை இழுக்காது. கடைசி வருஷங்களில் துவைக்கச் சுலபம் என்று அவற்றையே கட்டியவர்கள் நிறையப் பேர். அப்படியென்றால் ஓரிரு துண்டு மேலே வையுங்கள், போதும். பழைய பட்டு மடிப்பில் வெடிக்கும், தண்ணீர் பட்டால் நூல் துணியைப் போல நடந்துகொள்ளாது. துவைக்கப் போகிற கோதடியில் பட்டு வேண்டாம்.

ஒரு புடவையை மட்டும் துவைக்காமல் பருத்திப் பையில் போட்டுத் தனியே வையுங்கள். வாசனை எப்படியும் நாளாக ஆகக் குறைந்துவிடும், இருக்கிற வரை இருக்கட்டும். பாலிதீன் பை வேண்டாம், மும்பை ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

மற்றவற்றைச் சாயம் பார்த்துத் துவைக்க வேண்டும். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் புடவையின் ஓரத்தில் அழுத்தி எடுத்தால் தெரிந்துவிடும். சாயம் விடுகிறதைத் தனியாக, குளிர்ந்த தண்ணீரில், சாயம் நிற்கும்வரை அலசி நிழலில் உலர்த்துங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். அரைகுறையாகக் காய்ந்த துணியை அடுக்கித் தைத்தால் உள்ளே நாற்றம் தங்கிவிடும். அக்டோபர் வெயில் இதற்கு உகந்தது.

அளவும் சாமானும்

சாதாரணப் புடவை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி நீளம். அகலம் நாலு அடிக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாக மடித்தால் ஆறு அடி நீளத்தில் மூன்று அடுக்கு தானாகக் கிடைக்கிறது, ஒரு ஆள் படுக்கிற அளவு. அப்பாவின் எட்டு முழ வேட்டி இருந்தால் அது இரண்டாக மடித்தாலே கிட்டத்தட்ட அதே அளவு வரும், அதில் ஒரு பாதியை உள்ளடுக்காக வைக்கலாம். மேல் துண்டுகளையும் சேர்த்து மொத்தம் ஐந்து அடுக்குக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் போனால் ஊசி இறங்காது, விரல் வீங்கிவிடும்.

ஆனால் முதல்முறை தைப்பவர்கள் முழு அளவை எடுக்க வேண்டாம். ஒரு அங்குல இடைவெளியில் வரி வரியாகத் தைத்தால் ஆறுக்கு நாலு அடிக் கோதடிக்கு 288 அடி நீளத் தையல் தேவை. மூன்றுக்கு இரண்டு அடி என்றால் 72 அடிதான். குழந்தை விரிப்பாகவோ, உட்கார்ந்திருக்கும்போது மடியில் போட்டுக்கொள்ளவோ அது ஆகும். ஒரே புடவையை நாலாகப் பகிர்ந்தால் நாலு குட்டிக் கோதடிக்கு அடித்துணி கிடைக்கும் என்பதால், உடன்பிறந்தவர்கள் அதிகமுள்ள குடும்பத்துக்கு இதுவே நல்ல திட்டம்.

தடித்த பருத்தி நூல், ஒன்றரை இரண்டு அங்குலத்தில் கைத்தையல் ஊசி, விரல்நுனியில் மாட்டும் அங்குஸ்தான், கத்தரி, தையல் சாக்பீஸ், மெழுகுவத்தி. இவ்வளவுதான். கோணி ஊசி வேண்டாம், துணியில் ஓட்டை விழும். நூலும் ஊசியும் தாதர் மேற்கில் ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளிலேயே கிடைக்கும். அடித்துணி போதவில்லை என்றால் கிராஃபர்டு மார்க்கெட் பக்கத்து மங்கள்தாஸ் மார்க்கெட்டில் மெல்லிய பருத்தித் துணி மீட்டர் கணக்கில் வாங்கலாம், சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள்.

தைப்பது

தரையைப் பெருக்கித் துடைத்து, மடித்த அடித்துணியை விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவிச் சுருக்கம் எடுங்கள். நாலு மூலையிலும் கனமான எதையாவது வையுங்கள். ஓரறை வீடுகள் வரிசையாக இருக்கும் சால் கட்டடங்களில் இதற்கு இடம் இருக்காது, பகல் நேரத்தில் வராந்தாவையோ மொட்டை மாடியையோ பயன்படுத்தலாம்.

மேல் துண்டுகளை ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் கால் அங்குலம் உள்ளே மடித்தால் ஆறு அங்குலச் சதுரம் வரும். மூன்றுக்கு இரண்டு அடிக்கு 24 துண்டு. அகலம் கொஞ்சம் குறைந்தால் கடைசி வரிசைத் துண்டைக் குறுக்கிக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன் முந்தானையையும் கரையையும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். கரைதான் பிறகு நாலு பக்கமும் ஓரப்பட்டியாகப் போகும்.

எல்லாத் துண்டையும் பரப்பிப் பார்த்துத் திருப்தியான பிறகு, வேறு நிற நூலில் ஒரு சாண் இடைவெளி விட்டு நெட்டிலும் குறுக்கிலும் கச்சா தையல் (பிறகு உருவிவிடுகிற தற்காலிகத் தையல்) போடுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். கச்சா இல்லாமல் தைத்தால் கீழ் அடுக்கு நகர்ந்து ஓரிடத்தில் சேர்ந்துகொள்ளும், கடைசியில் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவரும்.

அப்புறம் ஓடு தையல். நூல் இரண்டு முழத்துக்கு மேல் வேண்டாம், சிக்கும். மெழுகுவத்தியில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் வழுவழுப்பாகப் போகும். முடிச்சை அடுக்குகளுக்கு நடுவே ஒளித்துவிடுங்கள். ஒரு தையல் கால் அங்குலம் இருந்தால் அழகு, கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் பரவாயில்லை. ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே போகிறவர்கள் உண்டு. புதியவர்களுக்கு நேர்வரிசைதான் சுலபம். முடிந்ததும் கச்சாவை உருவிவிட்டு, இரண்டு அங்குல அகலக் கரையை ஓரத்தில் மடித்து ஹெம்மிங் செய்யுங்கள். வடகன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தங்கள் கௌதியின் மூலைகளில் சின்ன முக்கோணத் துண்டுகளைப் பூவாக வைப்பார்கள். முந்தானையில் மிஞ்சியதை அப்படி வைக்கலாம், எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

இதையெல்லாம் படித்துப் புரியவில்லை என்றால் உங்கள் கட்டடத்தில் இருக்கிற மராட்டி ஆஜி (பாட்டி) யாரிடமாவது போய்க் கேளுங்கள். “ஆஜி, மலா கோதடி ஷிவாய்லா ஷிகாய்ச்ச ஆஹே” (எனக்குக் கோதடி தைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்) என்றால் போதும். மொழி அரைகுறையாக இருந்தாலும் அவர் உங்கள் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுப்பார். அம்மாவின் புடவை என்று தெரிந்தால் அவருடைய அம்மாவைப் பற்றியும் சொல்வார். புதிதாக மும்பை வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டோடு பழக இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

லோக்கல் ரயிலில் தைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. டோம்பிவலி, அம்பர்நாத் போகிறவர்கள் மதியக் கூட்டமில்லாத வண்டியில் உட்கார இடம் கிடைத்தால் துண்டுகளின் ஓரத்தை மடித்துத் தைக்கலாம். காலை, மாலை நெரிசலில் ஊசியை வெளியே எடுக்காதீர்கள்.

படிப்பது

புடவைகளோடு கூடவே காகிதங்களும் வரும். பால் கணக்கு, மளிகைச் சீட்டு, இன்லேண்டு கடிதங்கள், வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு போட்ட புத்தகங்கள். இவற்றைப் படிக்க ஒரு வரிசை சொல்கிறேன்.

முதலில் கணக்கு நோட்டு. யாருக்கும் காட்டுவதற்காக எழுதியது அல்ல அது, அதனால் அதில் ஆள் அப்படியே இருப்பார். என் அம்மாவின் நோட்டில் மாசக் கடைசியில் எண்ணெய் நின்றுபோன வாரத்திலும் பூக்காரம்மாவுக்குக் கொடுத்த கடன் ஒரு வரியாக இருக்கிறது. திருப்பி வந்ததாக எங்கும் இல்லை. அடுத்த மாசமும் கொடுத்திருக்கிறார். நான் செலவுக்குத் தயங்கும் நாட்களில் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்ப்பேன்.

பிறகு பைண்டு புத்தகங்கள். ஒருவர் தைக்க, இன்னொருவர் உரக்கப் படிப்பது நல்ல ஏற்பாடு. அவர் விரும்பிப் படித்ததையே படியுங்கள், உங்கள் ரசனையை அப்போது கொண்டுவர வேண்டாம். எந்த அத்தியாயத்தில் பக்கம் அதிகம் நைந்திருக்கிறது என்று கவனியுங்கள்.

கடிதங்கள் மூன்றாவது. வேறொருவர் எழுதியதாக இருந்து அவர் உயிரோடு இருந்தால் கேட்டுவிட்டுப் பிரியுங்கள். ஆஸ்பத்திரிக் கோப்பை முதல் வருஷம் தொடவே வேண்டாம். அதிலிருக்கும் ஆள் கடைசி சில மாதத்து ஆள் மட்டும்தான்.

காகிதங்களைக் கட்டிலுக்கடியில் வைக்காதீர்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அன்றைக்குத் தரைத்தள வீடுகளில் போன ஆல்பங்களுக்கும் கடிதங்களுக்கும் கணக்கே இல்லை. எல்லாவற்றையும் போனில் படமெடுத்து உடன்பிறந்தவர்களுக்கு அனுப்பிவிட்டு, அசலைப் பரண்மேல் வையுங்கள்.

இன்னொன்று. மும்பையில் வளர்கிற நம் பிள்ளைகளில் பலர் மராட்டியும் இந்தியும் வாசிப்பார்கள், தமிழ் வாசிக்கத் தெரியாது. பாட்டியின் கையெழுத்தைத் துணியில் தைக்கச் சொல்லுங்கள். கடிதத்திலிருந்து ஒரு வரியைப் பெரிதாக்கி அச்செடுத்து, கார்பன் தாள் வைத்துத் துணியில் பதித்து, எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் இரண்டை மட்டும் பிரித்து, காம்புத் தையலிலோ சங்கிலித் தையலிலோ தைக்கலாம். எழுத்து அரை அங்குல உயரமாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் ‘ணை’, ‘ஞ்’ எல்லாம் மூடிக்கொள்ளும். “சௌக்கியம், சௌக்கியமறிய ஆவல்” என்ற வரியைத் தைத்து முடிக்கும் குழந்தைக்கு அதிலுள்ள எழுத்துகள் மறக்காது.

நோட்டு எழுதுவது

தைக்கும் இடத்திலேயே ஒரு நோட்டும் பேனாவும் இருக்க வேண்டும். தேதி, எந்தத் துண்டு, சொன்னது யார், சொன்னது என்ன. சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், திருத்தி நல்ல தமிழாக்க வேண்டாம். இதிலிருந்து என்ன புரிந்துகொண்டேன் என்று பக்கத்தில் விளக்கமும் வேண்டாம். என் நோட்டிலிருந்து ஒன்று: “சாம்பல் வாயில். பெரியம்மா சொன்னது. ரேஷன் கடைக்குப் போறப்ப நல்ல புடவையா கட்டிக்குவா. ஏன்டின்னா, ‘வரிசையில நின்னு வாங்கறோம்க்கா, கெஞ்சி வாங்கலை’ம்பா.” இதற்கு மேல் நான் என்ன எழுதினாலும் குறைவாகத்தான் இருக்கும்.

தாங்காத நாட்கள்

சில நாள் துணியை எடுத்ததும் மூடி வைத்துவிடத் தோன்றும். மூடி வையுங்கள். மாதக்கணக்கில் கிடந்தாலும் கோதடிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்றால் அதைத் தையல் சரிசெய்யாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

தைத்த பிறகு

முதல் துவையல் கையால், குளிர்ந்த தண்ணீரில். முறுக்கிப் பிழியாமல் மடித்து அழுத்தித் தண்ணீரை வடியவிட்டு, கொடியில் தொங்கவிடாமல் தட்டையாகப் போட்டுக் காய வையுங்கள், தொங்கினால் ஈரத்தின் கனத்தில் தையல் இழுபடும். குழந்தை விரிப்போடு அந்துருண்டை வைக்காதீர்கள், நாஃப்தலின் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. துணியில் முடிந்த வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போதும், மழைக்காலத்துக்கு முன் இரண்டையும் புதிதாக மாற்றுங்கள். கோதடியில் மேல் துணிதான் முதலில் நையும். அப்போது பழையதைப் பிரிக்க வேண்டாம், அதன் மேலேயே வீட்டிலிருக்கும் இன்னொரு நூல் புடவையைப் போர்த்தி மறுபடி ஓடு தையல் போட்டுவிடலாம்.